சோழகத்துக்கு ஒரு கரை, வாடைக்கு ஒரு கரை

1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்ட மரக்கலம் ஒன்று, திசை தவறி இலங்கையின் மேற்குக் கடலுக்குள் வந்துவிட்டது. மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டிய பயணம் ஒன்பது நாள் இழுத்திருந்தது. கரை தெரிந்ததும் மாலுமிகள் மகிழவில்லை, அஞ்சினார்கள். அது யாழ்ப்பாண மன்னன் ஆரியச்சக்கரவர்த்தியின் துறை, அங்கே ஒதுங்கும் வணிகருக்குப் பாதுகாப்பில்லை என்று கப்பல் தலைவன் தயங்கினான். அவன் தயங்கிக்கொண்டிருக்கும்போதே காற்று கடுமையாகி, கப்பல் மூழ்கிவிடுமோ என்ற நிலை வந்தது. பயணிகளில் ஒருவரான மொரோக்கோ நாட்டு இப்னு பதூதா, தன்னைக் கரையில் இறக்கிவிட்டால் மன்னனிடம் பேசிக் கப்பலுக்கு அபயம் வாங்கித் தருவதாகச் சொல்லி இறங்கினார். அவர் பட்டாலா என்று குறித்த ஊர் புத்தளம் என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு.

அந்தக் கரையில், ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கிய கறுவா மரக்கட்டைகள் குவிந்து கிடந்ததை அவர் எழுதிவைத்திருக்கிறார். வரலாற்று நூல்கள் அந்தக் கறுவாவையும் அந்த மன்னனையும்தான் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்கின்றன. கடலோடிகளுக்கு முக்கியமான செய்தி வேறு. எந்தக் கரையில் ஒதுங்குவது என்பதை அன்று முடிவு செய்தது தலைவனல்ல, காற்று. சிவனொளிபாத மலையைப் பார்த்துவிட்டு அதே துறையிலிருந்து மீண்டும் இந்தியாவுக்குப் புறப்பட்டபோதும் இப்னு பதூதாவைக் காற்று விடவில்லை. எதிர்க்கரைக்கு அருகில் கப்பல் சிதையும் நிலைக்கு வந்து, பாய்மரத்தையே வெட்டி வீழ்த்த வேண்டியதாயிற்று.

புத்தளம் மாவட்டத்தின் கடலோரத்தை வரைபடத்தில் பார்த்தால், வென்னப்புவவிலிருந்து மாரவில, சிலாபம், உடப்பு என்று கோடு கிழித்ததுபோல் வடக்கே போகிறது. அதன்பின் கற்பிட்டிக் குடாநாடு ஒடுங்கிய மணல்நிலமாக நீண்டு, முனைக்கு அப்பால் காரைத்தீவு, இப்பந்தீவு, உச்சமுனை, பத்தலங்குண்டு என்று தீவுகளாக உடைந்துபோகிறது. குடாநாட்டுக்கு மேற்கே திறந்த கடல். கிழக்கே ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள புத்தளம் களப்பு. கலா ஓயாவும் மீ ஓயாவும் அந்தக் களப்பில் விழுகின்றன. வடக்கே ஒல்லாந்தர் குடா, போர்த்துக்கேயர் குடா என்று இன்றும் அழைக்கப்படும் அகன்ற வாய்களால் அது கடலோடு சேர்கிறது. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு, ஆனால் பெரும்பகுதியில் ஆள் நின்றால் தலை தெரியும் ஆழம்தான்.

இந்த நிலத்துக்கு ஆண்டில் இரண்டு காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோழகம் அடிக்கிறது. டிசம்பர் தொடங்கி பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வாடை. நடுவே கச்சானும் கொண்டலும் மாறி மாறி எட்டிப்பார்க்கும். 2010இல் மாம்புரியிலும் சேகுவந்தீவிலும் விடத்தமுனையிலும் காற்றாலைகள் சுழலத் தொடங்கியது இந்தக் காற்றை நம்பித்தான். உலகின் பல மூலைகளிலிருந்து பட்டம் கட்டி அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்கள் கற்பிட்டியைத் தேடி வருவதும் இதற்காகத்தான்.

ஆனால் படகோட்டிக்கு இந்த இரண்டு காற்றும் இரண்டு கரைகளில் நான்கு விதமாக வேலை செய்கின்றன. சோழகம் அடிக்கும்போது மேற்குக் கடற்கரையில் காற்றும் அலையும் சேர்ந்து படகைக் கரையை நோக்கித் தள்ளும். கரை சேர்வது என்பது அப்போது கரையில் மோதாமல் தப்புவது. அதே சோழகம் குடாநாட்டைக் கடந்து களப்புப் பக்கம் வரும்போது படகைத் துறையிலிருந்து தள்ளிவிடும். அலை பெரிதாக இருக்காது, ஆனால் படகு துறைக்கு வர மறுக்கும். வாடையில் எல்லாம் தலைகீழ். மேற்குக் கடல் அமைதியாகக் கிடக்க, களப்போரத் துறையில் கட்டிய படகுகள் காற்றால் அழுத்தப்பட்டுக் கல்லிலும் கம்பத்திலும் உரசிக்கொண்டிருக்கும். இந்த ஊர்களின் வரலாற்றை இந்த நான்கு நிலைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பல செய்திகள் தெளிவாகின்றன.

கற்பிட்டிக் கோட்டை ஓர் எடுத்துக்காட்டு. 1659இல் போர்த்துக்கேயரிடமிருந்து இடத்தைப் பிடித்த ஒல்லாந்தர், 1667இல் தொடங்கி 1676இல் கோட்டையைக் கட்டி முடித்தார்கள். அதைத் திறந்த கடலோரத்தில் கட்டவில்லை, களப்போரத்தில் கட்டினார்கள். கண்டி இராச்சியத்தின் பாக்கும் பிற சரக்கும் வெளியே போக, உப்பும் துணியும் உள்ளே வர, புத்தளம் ஒரு வாசலாக இருந்தது. களப்பின் வாயில் நின்றுகொண்டால் அந்த வாசலைப் பூட்டவும் திறக்கவும் முடியும். அதோடு, சோழகம் முழுப்பலத்தோடு அடிக்கும் மாதங்களிலும் சிறு கலங்கள் வந்து கட்டக்கூடிய துறை குடாநாட்டின் கிழக்குப் பக்கத்தில்தான் உண்டு. ஆழம் தேடும் பெரிய கப்பலுக்குக் களப்பு உதவாது. தோணியும் வள்ளமும் வந்து போக அது போதும். 1766 உடன்படிக்கையின்படி கரையோரம் முழுவதையும் கண்டி அரசன் ஒல்லாந்தரிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்தபோது, மலைநாட்டு அரசு கடலோடு இருந்த கடைசித் தொடர்பையும் இழந்தது. 1795இல் கோட்டை ஆங்கிலேயரிடம் போயிற்று. இன்று அது இலங்கைக் கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. கடற்படைக்கும் அதே துறைதான் வேண்டியிருக்கிறது.

அந்தத் துறையூர் தமிழுக்குத் தந்த மனிதர் ஒருவரை இங்கே நினைக்காமல் போகமுடியாது. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களையும் துறைகளையும் அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்ததும் அவரே. நாடெங்கும் உள்ள ஊர்களை இப்படி வரிசையாக எழுதிவைக்க முனைந்தவர், வெளியூர்த் தோணிகள் வந்து கட்டும் ஒரு துறையில் வளர்ந்தவர் என்பது பொருத்தமாகவே படுகிறது.

கடலில் காற்றோடு போராடுவதைவிடக் கடலையே தவிர்த்துவிடலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், முந்தல் வழியாகப் புத்தளம் வரை களப்புகளையும் ஆறுகளையும் ஒல்லாந்தர் கால்வாய் வெட்டி இணைத்தது இந்த நினைப்பில்தான். ஆங்கிலேயர் அதன் தெற்குப் பகுதியில் ஹமில்டன் கால்வாயை வெட்டி 1804இல் முடித்தார்கள். அடி தட்டையான சரக்குப் படகுகள், கோலூன்றியும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும், சோழகத்தைப் பற்றிய கவலையில்லாமல் போய்வந்தன. ரயில் 1916இல் சிலாபத்துக்கும் 1926இல் புத்தளத்துக்கும் வந்த பிறகு கால்வாய்ப் போக்குவரத்து சுருங்கிப்போயிற்று. அதன்பின் கடலோரத்தில் வேலை இருந்தது மீனவர்களுக்கு மட்டுமே.

அவர்களுடைய நாளைக் காற்றே வகுத்தது. அமைதியான பருவத்தில் பின்னிரவில் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும். அதில் பாய் விரித்துப் போவார்கள். நண்பகலுக்குப் பின் கடலிலிருந்து நிலத்துக்குக் காற்று திரும்பும். அதில் வந்து சேர்வார்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தில் மரக்கட்டைகளைப் பிணைத்த தெப்பங்கள் இருந்தன. அலை அவற்றின் மேல் ஏறி இறங்கிப் போய்விடும், மூழ்க எதுவும் இல்லை. ஒரு பக்கம் மிதவை கட்டிய தோணியில் மிதவை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்கவேண்டும். திசை மாற வேண்டுமானால் படகைத் திருப்பமாட்டார்கள், பாயைத்தான் மறு முனைக்கு மாற்றுவார்கள். அணியமும் பின்னணியமும் இடம் மாறிக்கொள்ளும். கரைக்கு வரும்போது எந்த முனை முன்னால் வந்தாலும் சரி என்ற இந்த அமைப்பு, அலை உடையும் கரையில் படகைத் திருப்பித் தவிக்கவேண்டிய தேவையையே இல்லாமல் செய்தது. எத்தனை தலைமுறை அறிவு அந்த ஒரு மிதவையில் இருக்கிறது!

உடப்பில் கரைவலை இழுப்பவர்கள் இந்த அறிவின் இன்னொரு பக்கம். இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் மரபு வழிச் செய்தி. திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பால் ஊர் புகழ்பெற்றது. வலையைக் கடலில் வளைத்து விட்டுவரும் தோணி கரைக்குத் திரும்பும்போது, அதைக் கையால் பிடித்து நிறுத்த ஆட்கள் நீருக்குள் இறங்கி நிற்பார்கள். அம்பாப் பாட்டின் தாளத்தில் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் இழுக்கும். சோழகம் வந்தால் கரைவலை ஓயும். கண்டக்குழி, சிலாபம் போன்ற மேற்குக் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த மீனவர்களில் ஒரு பகுதியினர் அந்த மாதங்களில் மன்னார், முல்லைத்தீவுப் பக்கம் போய் வாடியடித்துத் தங்குவது வழக்கமாயிற்று. படகைக் கரை சேர்க்க முடியாத பருவத்தில், கரை சேர்க்க முடிந்த கரைக்குக் குடும்பத்தோடு மாறுவதுதான் அந்த இடப்பெயர்வு.

இயந்திரம் வந்தது 1950களின் பிற்பகுதியில். உள்ளே டீசல் எஞ்சின் பொருத்திய 28 அடி நீளமுள்ள மூன்றரைத் தொன் படகுகளைக் கடற்றொழில் திணைக்களம் மீனவருக்குக் கடன் முறையில் வழங்கியது. காற்று எந்தப் பக்கம் வீசினாலும் நினைத்த நேரத்தில் போகலாம், நினைத்த நேரத்தில் திரும்பலாம். ஆனால் ஒரு சிக்கல். அந்தப் படகைக் கரையில் இழுத்து ஏற்ற முடியாது. அதன் எடையும், நீருக்குள் இருக்கும் அடிப்பகுதியும், சுழலியும் அதற்கு இடம் கொடுக்காது. எங்கே அலை அடங்கிய நீரில் நங்கூரம் போட முடிந்ததோ அந்த ஊர்களில்தான் மூன்றரைத் தொன் படகு பிழைத்தது. திறந்த மணற்கரையில் வாழ்ந்தவர்களுக்கு அது எட்டாத பொருளாகவே இருந்தது.

திறந்த கரைக்கு விடை, கண்ணாடி இழையால் ஆன படகு. 1967இல் நோர்வே நாட்டு உதவியோடு யாழ்ப்பாணத்துக் காரைநகரில் தொடங்கிய சீநோர் படகுத்தளம், தமிழ் மீனவர்களிடையே இந்த மாற்றத்தின் அடையாளமாக நினைக்கப்படுகிறது. 17, 18 அடி நீளம், இலேசான உடல், பின்னால் தொங்கும் வெளியிணைப்பு இயந்திரம். கரையை நெருங்கியதும் இயந்திரத்தை அப்படியே மேலே தூக்கிச் சாய்த்துவிடலாம். சிலர் தோள் கொடுத்தால் படகு மணலில் ஏறிவிடும். 1970களுக்குப் பிறகு கற்பிட்டியின் இரு கரைகளிலும் களப்பின் தீவுகளிலும் இதுவே எங்கும் நிறைந்த படகாகியது.

இங்கேதான் இந்த வரலாற்றின் மையம் இருக்கிறது. இயந்திரம் பயணத்திலிருந்து காற்றை விலக்கிவிட்டது. கரைக்கு முன்னுள்ள கடைசி நூறு பாகத்திலிருந்து அதனால் விலக்க முடியவில்லை. பார்க்கப்போனால் அந்த நூறு பாகத்தை அது இன்னும் கடினமாக்கியது. பழைய வள்ளத்துக்குச் சுக்கான் உண்டு. மெல்ல ஊர்ந்தாலும் அது கொஞ்சம் கேட்கும். கோலூன்றினால் நின்ற இடத்தில் நிற்கும். வெளியிணைப்பு இயந்திரத்துக்குத் தனியாகச் சுக்கான் கிடையாது. சுழலி தள்ளும் திசையை மாற்றித்தான் படகு திரும்புகிறது. வேகத்தைக் குறைத்து இயந்திரத்தைச் சும்மா ஓடவிட்ட கணமே, திருப்பும் பிடியும் கையை விட்டுப் போய்விடுகிறது. எடையெல்லாம் பின்னால் இருக்க, அணியம் உயர்ந்து இலேசாக நிற்கிறது. காற்று முதலில் பிடிப்பது அந்த அணியத்தைத்தான்.

ஆகவே துறையில் படகு கட்டுவது தனியாகப் பயில வேண்டிய வித்தை ஆகிவிட்டது. அதன் முதல் விதி பாய்மரக் காலத்ததே: காற்றிலும் நீரோட்டத்திலும் எது பலமானதோ அதை எதிர்கொண்டு வரவேண்டும். எதிரே இருக்கும் விசை படகை நிறுத்த உதவும், பின்னால் வரும் விசை துறையில் மோதவைக்கும். எது பலமானது என்பது கண்ணால் பார்த்தால் எப்போதும் தெரிவதில்லை. துறைக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, விசையைக் குறைத்து, படகு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கவேண்டும். அதே படகு அதே நாளில்கூட ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. காலையில் வெறும் படகாகப் போகும்போது அது காற்றின் பேச்சைக் கேட்கும். மீனும் வலையும் ஐசும் நிறைந்து தாழ்ந்து வரும்போது நீரோட்டத்தின் பேச்சைக் கேட்கும்.

கற்பிட்டியின் களப்போரத் துறைக்குச் சோழகத்தில் வருகிறவர், காற்று தள்ளிவிடும் என்பதைக் கணக்கில் எடுத்து, சற்றுச் செங்குத்தாகவும் துணிவாகவும் வந்து, முதலில் அணியத்துக் கயிற்றைக் கொடுத்துவிட வேண்டும். அது கம்பத்தில் சுற்றப்பட்டுவிட்டால், இயந்திரத்தை மெல்ல முன்னோக்கி ஓட்டிப் பின்புறத்தைத் துறையோடு சேர்த்துவிடலாம். தாமதித்தால் அணியம் காற்றோடு போய்விடும். மறுபடி வட்டமடித்துத்தான் வரவேண்டும். வாடையில் அவசரமே கூடாது. துறைக்கு ஒரு படகு அகலம் தள்ளி நிறுத்திவிட்டால் போதும், மிச்சத்தைக் காற்றே செய்துவிடும். அப்போது கடினம் புறப்படுவதில்தான். நீரோட்டம் வடக்கு வாயிலிருந்து வற்றுக்கும் பெருக்குக்கும் ஏற்பத் திசை மாறும். காற்றும் அதுவும் எதிரெதிராக நிற்கும் நேரத்தில் நீர் குறுகிய செங்குத்தான அலைகளாகக் கொதிக்கும். போதாததற்குக் களப்பின் அடியில் கடற்புல். ஆழம் குறைந்த இடத்தில் அது சுழலியில் சுற்றிக்கொண்டால், இயந்திரம் மிக வேண்டியிருக்கும் கணத்தில் அது நின்றுபோகும். அதனால்தான் களப்புப் படகுகளில் கோல் இன்னும் கிடக்கிறது.

மேற்குக் கரையில் துறையே இல்லை, மணல்தான். அங்கே பார்க்கவேண்டியது அலைகளின் வரிசை. பெரிய அலைகள் கூட்டமாக வந்து போனபின் சிறு இடைவெளி வரும். அதற்குக் காத்திருந்து, ஓர் அலையின் முதுகுக்குப் பின்னால், அதை முந்தாமலும் பின்னால் வரும் அலைக்கு அகப்படாமலும் வரவேண்டும். முந்தினால் அணியம் நீரில் குத்தும், படகு குறுக்கே திரும்பும், கவிழும். அடி மணலைத் தொடும் கணத்தில் இயந்திரத்தை நிறுத்தித் தூக்கிவிட வேண்டும். ஒரு நொடி முந்தினால் படகு பிடியில்லாமல் அலையிடம் போய்விடும். ஒரு நொடி பிந்தினால் சுழலி மணலை வெட்டும். கரையில் நிற்பவர்கள் ஓடிவந்து அணியத்தைப் பிடிப்பது அந்த இரண்டு நொடிகளுக்கு நடுவில்தான். தலவிலவில் புனித அன்னம்மாள் ஆலயம் எழுந்த கதையும் இந்தக் கரையின் கதைதான். கப்பல் உடைந்து கரையொதுங்கிய ஐரோப்பிய வணிகர் ஒருவர், கொண்டுவந்த சொரூபத்தை ஆலமரத்தடியில் வைத்து, தொழில் செழித்தால் கோயில் கட்டுவதாக நேர்ந்தார் என்று பக்தர்கள் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் திரளும் அந்தத் தலம், கரை சேர்ந்த ஒருவரின் நேர்த்திக்கடனில் தொடங்கியதாகவே நம்பப்படுகிறது.

சிலாபத்தில் பகை மணல். தென்மேற்குப் பருவத்தின் அலைகள் கரையோர மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே போகின்றன. கற்பிட்டிக் குடாநாடு நீண்டதும் அந்த மணலால்தான். ஆறும் களப்பும் கடலோடு சேரும் முகத்துவாரங்களை அது அடைத்துவிடுகிறது. படகுகள் பெரிதாகி, பல நாள் கடலில் தங்கும் கலங்கள் பெருகிய பிறகு, ஆழமான வாய் இல்லாமல் தொழில் இல்லை என்றாகிவிட்டது. கல்லணை போடுவதும் மணல் தோண்டுவதும் சிலாபத்திலும் வென்னப்புவப் பக்கத்து வெல்லமங்கரையிலும் முடியாத வேலைகள். மணலின் போக்கைக் கணக்கில் எடுக்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கரையின் கிரிந்தை சாட்சி. 1980களில் ஜப்பானிய உதவியோடு அங்கே கட்டிய மீன்பிடித் துறைமுகத்தை மணல் சீக்கிரமே மூடிவிட்டது.

உள்நாட்டுப் போரின் நடுவே, 1990 ஒக்டோபர் இறுதியில் மீன்பிடிப் படகுகள் வேறொரு வேலைக்குப் போயின. வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேறச் சொன்னார்கள். ஏறத்தாழ 75,000 பேர் வீடிழந்தார்கள். மன்னார் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம் மக்களுக்குக் கடல்வழியே எஞ்சியது. மழை தொடங்கிவிட்ட நாட்களில், மேற்கூரையில்லாத மீன்பிடிப் படகுகளில், கைக்குழந்தைகளோடும் முதியவர்களோடும் கற்பிட்டிக்கு வந்தார்கள். வலையும் மீனும் ஏற்றுவதற்கென்று செய்த படகில் விளிம்பு நீரைத் தொடுமளவுக்கு மனிதர் நிறைந்திருக்க, அதைக் களப்பின் வாய்க்குள் கொண்டுவந்து ஓட்டிகள் கரை சேர்த்தார்கள். இப்னு பதூதாவின் பெயரை நினைவில் வைத்திருக்கும் வரலாறு அந்த ஓட்டிகளின் பெயர்களையும் எழுதிவைத்திருக்க வேண்டும். புத்தளத்துக்கு அருகே நாகவில்லுவில் எருக்கலம்பிட்டி மக்கள் அமைத்துக்கொண்ட ஊர் இன்றும் இருக்கிறது.

போருக்குப் பின் கடலோரம் மாறியது. டிசம்பர் தொடங்கி ஏப்ரல் வரை ஓங்கில் மீன்களைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு அதே கண்ணாடி இழைப் படகுகள் கண்டக்குழிக் கரையிலிருந்து புறப்படுகின்றன. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை ஒரே நாளில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, வெளியிணைப்பு இயந்திரங்களை நம்பியவர்களில் பலர் படகைக் கரையிலேயே விட்டுவைத்தார்கள். அந்த விலையில், துறையைத் தவறவிட்டு இன்னொரு வட்டம் அடிப்பதற்கும் காசுக் கணக்கு வந்துவிட்டது.

போருக்குப் பின் இந்தக் கரைக்கு நிலக்கரியும் வந்தது. 2011இல் நுரைச்சோலையில் அனல் மின்நிலையத்தின் முதல் 300 மெகாவாட் அலகு இயங்கத் தொடங்கியது. 2014இல் மொத்தம் 900 மெகாவாட் ஆயிற்று. மேற்குக் கடற்கரையில், சோழகம் நேராக வந்து அடிக்கும் இடத்தில் நிலையம் நிற்கிறது. நிலக்கரிக் கப்பல்கள் கரைக்கு வரமுடியாது. அவை கரைக்கு அப்பால் ஆழமான நீரில் நங்கூரமிட்டு, தட்டையான பாரப் படகுகளுக்குச் சரக்கை மாற்ற, இழுவைப் படகுகள் அவற்றை நிலையத்தின் இறங்குதுறைக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. சோழகக் கடலில் அந்தப் பாரப் படகுகளைத் துறையோடு அணைத்து நிறுத்த முடிவதில்லை. ஆகவே நிலக்கரி இறக்கும் பருவம் ஏறத்தாழ செப்டெம்பர் தொடங்கி ஏப்ரல் வரைதான். நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம், சோழக மாதங்களில் எரிக்கவேண்டியதையும் சேர்த்து, அந்த இடைவெளிக்குள் இறக்கிக் குவித்துக்கொள்கிறது. கப்பல்கள் தாமதமாகி ஏப்ரலை நெருங்கும் ஆண்டுகளில் மின்வெட்டுப் பேச்சு கொழும்புப் பத்திரிகைகளில் எழும். அந்த நாட்களில் கண்டக்குழி மீனவர்கள் படகுகளை ஏற்றிக்கொண்டு வாடியடிக்க மன்னார்ப் பக்கம் புறப்படத் தொடங்கியிருப்பார்கள்.